குவியம் எந்தப் பக்கம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படம் வந்தது. போனே எடுக்காதவள் கணக்குக்காகவாவது அப்பாவை நினைத்தாயே, சந்தோஷம். ஆனால் ராத்திரி இரண்டே முக்காலுக்கு அனுப்பியிருக்கிறாய். அந்த நேரத்துக்கு முழித்திருப்பது உடம்புக்கு ஆகாது. சரி, கணக்கைப் பார்ப்போம்.

வளைவு திரும்பும் முனை (1, −2), குவியம் (1, −5). பரவளையத்தின் சமன்பாடு வேண்டும். நீ எழுதியிருப்பது (ஒய் + 2)² = 12(எக்ஸ் − 1). அதில் 12 சரி, மற்றது தப்பு. படம் போடாமல் நேரே சூத்திரத்துக்குப் போயிருக்கிறாய். முதலில் படம் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இரண்டு புள்ளியையும் தாளில் வைத்துப் பார். இரண்டுக்கும் எக்ஸ் 1தான். அப்படியென்றால் இரண்டையும் சேர்க்கும் கோடான அச்சு செங்குத்து, வர்க்கம் எக்ஸுக்குத்தான் வரும். குவியம் முனைக்குக் கீழே இருக்கிறது. குவியம் எப்போதும் வளைவுக்கு உள்ளேதான் இருக்கும், ஆகவே வளைவு கீழ்நோக்கித் திறக்கும், மைனஸ் வரும். இதையெல்லாம் படமே சொல்லிவிடும். கணக்கில் மிச்சம் இருப்பது ஏ ஒன்றுதான். அது முனைக்கும் குவியத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 3. நாலு மடங்கு 12. ஆக, (எக்ஸ் − 1)² = −12(ஒய் + 2).

சூத்திரம் மறந்துபோனாலும் பயமில்லை. குவியம் முனைக்குக் கீழே 3 தள்ளி இருந்தால், இயக்குவரை என்கிற நேர்கோடு மேலே 3 தள்ளி இருக்கும்: ஒய் = 1. வளைவில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் குவியத்துக்கும் இயக்குவரைக்கும் ஒரே தூரம். அந்தத் தூரங்களை வர்க்கப்படுத்தி எழுது:

(எக்ஸ் − 1)² + (ஒய் + 5)² = (ஒய் − 1)²

(ஒய் + 5)²ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் ஒய்யின் வர்க்கம் அடிபட்டு −12ஒய் − 24 நிற்கும். அதே சமன்பாடுதான். பதினொன்றாவதில் சூத்திரம் மறந்துபோய், தேர்வறையிலேயே உட்கார்ந்து இந்த வழியில் வருவித்து எழுதிவிட்டு வந்தவள் நீ. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அந்தப் பெண்ணா இப்போது அச்சை மாற்றிப் போடுகிறாள்? தூக்கம் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

விடையைச் சரிபார்க்கவும் மறக்காதே. குவியம் வழியாக அச்சுக்குச் செங்குத்தாக வளைவின் குறுக்கே போகும் கோடுதான் செவ்வகலம், அதன் நீளம் 12. குவியத்திலிருந்து இரண்டு பக்கமும் 6 நகர்ந்தால் (7, −5), (−5, −5). முதல் புள்ளியைப் போட்டுப் பார். இடது பக்கம் 36, வலது பக்கம் −12 × −3, அதுவும் 36.

வேலையில் இருக்கிறவளுக்கு இப்போது பரவளையம் எதற்கு என்று அம்மா கேட்டாள். கூட வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைக்காக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. கேள்விக்குக் கீழே நான்கு விடைகள் அச்சாகியிருக்கின்றன. ஓரத்தில் எத்தனை நிமிடம் ஆனது என்று பென்சிலில் குறித்திருக்கிறாய். பெரியப்பா விஷயத்தில் நான் பேசியதெல்லாம் உன் காதில் விழுந்திருக்கும். அது அவருக்குச் சொன்னது. உனக்குச் சொன்னதில்லை.

அச்சு சாய்வாக வரும் கேள்வியும் ஒன்று போட்டுப் பழகு. முனை (0, 0), குவியம் (1, 1) என்றால் பழக்கமான நான்கு வடிவத்தில் எதுவும் பொருந்தாது. இயக்குவரை எக்ஸ் + ஒய் + 2 = 0. சம தூரம் என்ற அதே விதியைப் போட்டால் (எக்ஸ் − ஒய்)² = 8(எக்ஸ் + ஒய்) என்று அழகாக வந்து நிற்கும். இதையும் படம் போட்டுத்தான் தொடங்க வேண்டும். பகலில் போடு, ராத்திரி வேண்டாம்.

போட்டு முடித்ததும் எனக்கு அனுப்பு. அதோடு வேறு ஏதாவது எழுதத் தோன்றினால் அதையும் எழுது. பணம் வேண்டுமென்றாலும் எழுது. அம்மா இப்போதைக்குப் படிக்க வேண்டாம் என்று நினைத்தால் மேலே ‘கணக்கு’ என்று போட்டுவிடு, அவள் திறக்கமாட்டாள்.

அன்புடன்,
அப்பா