யானை இருந்தாலே மதராஸ் ரெஜிமென்ட் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் வந்தால், போர்களில் உயிர்நீத்தவர்களுக்காக லண்டனில் நடக்கும் நினைவு ஞாயிறு அணிவகுப்பின் படங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வெளியாகின்றன. ரெஜிமென்டுகள் (படைப்பிரிவுகள்) தங்களுக்கென்று தனி நிறமும் சின்னமும் கொண்ட டை வைத்திருப்பதால், படத்தில் நிற்கும் முதியவரின் டையைப் பார்த்து 'இன்ன ரெஜிமென்ட்காரர்' என்று அடியில் எழுதிவிடுகிறார்கள். தாத்தாவின் அலமாரியில் கிடைத்த டையை வைத்து அவருடைய படைப்பிரிவைத் தேடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். முதலில் நிறத்தைப் பார்ப்பதால்தான் தவறு வருகிறது. நிறத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

கருநீலமும் மெரூனும் சம அகலப் பட்டைகளாக மாறி மாறி வந்தால் அது பிரிட்டனின் கார்ட்ஸ் படைகளின் டை. அதே இரு நிறங்களோடு மெல்லிய வெளிர்நீலக் கோடும் சேர்ந்தால் ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானப்படை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். வண்ணப் படத்திலும், வெயில் பட்டு மங்கிய வெளிர்நீலக் கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். டை கையில் இருந்தால் குறுகிய முனையின் பின்பக்க மடிப்பைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தில்தான் அசல் நிறம் நிற்கும். நிறத்தை மட்டும் வைத்தே ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடியவை வெகு சில. கருநீலத்தில் சிவப்பு மின்னல்கோடு வளைந்து வளைந்து போனால் ராயல் ஆர்ட்டிலரி என்ற பீரங்கிப்படை. பழுப்பு, சிவப்பு, பச்சை மூன்றும் சேர்ந்து வந்தால் ராயல் டேங்க் ரெஜிமென்ட். சேற்றையும் ரத்தத்தையும் கடந்து பசும்வெளிக்குப் போவதாக அந்த நிறங்களுக்கு அவர்களே பொருள் சொல்கிறார்கள்.

பட்டை சாயும் திசையும் முக்கியம். பிரிட்டிஷ் டையில் பட்டை, கட்டியிருப்பவரின் இடது தோளிலிருந்து வலது இடுப்பை நோக்கி இறங்கும். அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் திசையைத் திருப்பிப் போட்டு விற்றது. அப்படித் திரும்பிய பட்டை பெரும்பாலும் வெறும் அலங்காரம்தான். ஆனால் திசையை நம்புவதற்கு முன், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆண்களின் கோட்டில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படியும். வலப்பக்கம் மேலே படிந்து தெரிந்தால் படமே திரும்பியிருக்கிறது.

அடுத்தது சின்னம். வாசகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். யானையைக் கண்டதும் இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த யானை 1803இல் மராத்தியருக்கு எதிராக நடந்த அசாயே போரின் நினைவு. அந்தப் போரில் மதராஸ் சிப்பாய்களுடன் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளும் நின்றன. அவற்றுக்கும் யானைச் சின்னம் கிடைத்தது. அப்படி வந்ததுதான் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவான ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் யானை. மதராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் யானையோடு கேடயமும் குறுக்கிட்ட இரண்டு வாள்களும் இருக்கும். இவை இல்லாமல் யானை மட்டும் நின்றால் பெயரை எழுதாதீர்கள். புலியும் இப்படித்தான். ராயல் லெஸ்டர்ஷயர், ராயல் ஹாம்ப்ஷயர், யார்க் அண்ட் லங்காஸ்டர் ஆகிய மூன்று ரெஜிமென்டுகளும் இந்தியாவில் செய்த சேவைக்காகப் புலியைச் சூடிக்கொண்டவை. லெஸ்டர்ஷயர் புலியோடு 'ஹிந்துஸ்தான்' என்ற சொல்லும் வரும்.

தீப்பிழம்பு கக்கும் எறிகுண்டு இதைவிடச் சிக்கலானது. கிரெனேடியர் கார்ட்ஸ் குண்டில் 17 சுவாலைகள், ராயல் இன்ஜினியர்ஸ் குண்டில் 9, ராயல் ஆர்ட்டிலரியில் 7. பின்னிரண்டின் அடியிலும் 'உபிக்' ('எங்கும்') என்ற ஒரே லத்தீன் வாசகம்தான், ஆகவே எழுத்து உதவாது. சுவாலைகளைத்தான் எண்ண வேண்டும். விரல்நுனி அளவுச் சின்னத்தில் நெசவாளரே இரண்டு மூன்று சுவாலைகளை ஒன்றாக்கியிருப்பார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து எண்ணியும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்தச் சின்னத்தை விட்டுவிட்டு வேறு தடயத்துக்குப் போவதே சரி.

சின்னத்தின் மேல் உள்ள கிரீடம் காலத்தைச் சொல்லும். வளைவுகள் குவிந்து உருண்டையாக இருந்தால் டியூடர் கிரீடம். மேலே நடுவில் அமுங்கியிருந்தால் செயின்ட் எட்வர்ட் கிரீடம். அது இரண்டாம் எலிசபெத் காலத்தது. டியூடர் கிரீடம் என்றாலே 1952க்கு முந்தையது என்று முன்பு சொல்ல முடிந்தது. 2022இல் மூன்றாம் சார்லஸ் டியூடர் வடிவத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டதால் இப்போது அப்படிச் சொல்ல முடியாது. கலைக்கப்பட்ட ரெஜிமென்டுகளின் முன்னாள் வீரர் சங்கங்களும் பழைய கிரீடத்தோடுதான் புது டை நெய்கின்றன. ஆகவே கிரீடம் காட்டுவது சின்னம் வரையப்பட்ட காலத்தை. துணியின் வயதுக்கு லேபிளைப் பாருங்கள்: 'டெரிலீன்' என்ற செயற்கை இழையின் பெயர் இருந்தால் 1950களுக்கு முன்னால் போகாது. இந்தியப் படைகளில் சின்னத்தின் காலத்தைச் சொல்வது சுலபம். 1950 ஜனவரி 26இல் குடியரசானபின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது.

இவ்வளவும் பொருந்தினாலும், அந்தப் பெரியவர் அந்த ரெஜிமென்டில் பணியாற்றினார் என்று டை நிரூபிக்காது. சங்க டைகளைக் கடையில் விலைக்கு வாங்க முடியும். பதக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். தன் சொந்தப் பதக்கத்தை இடது மார்பில் அணிவது பிரிட்டிஷ் மரபு. இறந்துபோன உறவினரின் பதக்கத்தை வலது மார்பில் அணிவார்கள். வலது மார்பில் பதக்கம் தொங்கும் ஒருவரைப் 'போர் வீரர்' என்று அச்சிட்டால், அவர் தன் தந்தைக்குச் செய்யும் மரியாதை மறைந்துபோகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு மனம் வலிக்கிறது.

வீட்டில் டை வைத்திருப்பவர்கள் அதைத் துவைக்கவோ நேரடியாக இஸ்திரி போடவோ வேண்டாம். பட்டில் தண்ணீர்க் கறை வளையமாக நின்றுவிடும்; இஸ்திரி ஓரத்தின் உருட்டலைத் தட்டையாக்கிவிடும். பின்புறத் தையலில் தொங்கும் நூலை வெட்டாதீர்கள், வெட்டினால் தையல் முழுக்கப் பிரிந்துவிடும். ஜன்னலோர வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் மில்லிமீட்டர் அளவுகோலும் வைத்து நான்கு படம் எடுங்கள்: அகன்ற முனை, சின்னம் கிட்டத்தில், லேபிள், குறுகிய முனையின் பின்மடிப்பு. பிரிட்டிஷ் டை என்றால் அந்தந்த ரெஜிமென்டின் அருங்காட்சியகத்துக்கும், மதராஸ் ரெஜிமென்ட் என்று தோன்றினால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்டல் சென்டருக்கும் அனுப்பிக் கேட்கலாம். பதில் வரும்வரை படத்தின் கீழே 'முன்னாள் படைவீரர் சங்க டை' என்று மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
படைச் சின்னங்களில் ஈடுபாடுள்ள வாசகர்கள்