பக்கத்து அறையிலிருந்து ஒரு நன்றி

அன்புள்ள டீச்சருக்கு,

இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த கையோடு நாடு நாடாகப் பள்ளிகளை மூடினார்கள், 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் முடங்கியதாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் என் மகளும் ஒருத்தி, ஒன்றாம் வகுப்பு. அவள் படித்த அறைக்குப் பக்கத்து அறையில்தான் நான் வேலை பார்த்தேன், அதனால் ஒரு வருடம் முழுக்க உங்கள் பாடம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

ல, ள, ழ சொல்லிக்கொடுத்த வாரத்தை மறக்கவே முடியாது. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "நாக்கை மடிச்சு மேலே தூக்குங்க, ஆனா அண்ணத்தைத் தொடக்கூடாது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! எதிரே பாதிக்கு மேல் கறுப்புக் கட்டங்கள்தான், அந்தப் பக்கம் பிள்ளைக்குப் புரிந்ததா, பிள்ளை அங்கே இருக்கிறதா என்பதே தெரியாது. அதற்காக விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, மைக்கை ஆன் பண்ணச் சொல்லி, 'மழை' என்று சொல்ல வைத்தீர்கள், நெட் போய்த் திரும்பி வந்த பிள்ளைக்கு மறுபடி முதலிலிருந்து. உங்கள் குழந்தை அழுத நாளில் "ஒரு நிமிஷம் தங்கங்களா" என்று எழுந்து போனவர், அதை மடியில் வைத்துக்கொண்டே மிச்சப் பாடத்தை நடத்தினீர்கள்.

வகுப்பு முடிந்தால் வேலை முடிந்ததா? நாங்கள் கோணல்மாணலாக எடுத்து அனுப்பிய நோட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ராத்திரி பத்தரைக்குக் குரல் செய்தி அனுப்புவீர்கள். பகலில் போன் கிடைக்காத பிள்ளைகளுக்கு, அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்த பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பாடம் சொன்னீர்கள். அப்புறம் அந்த மூன்று நாள் விடுப்பு. உங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்ததே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்று நாளும் வீட்டுப்பாடச் சந்தேகம் கேட்டு உங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். மன்னித்துவிடுங்கள் டீச்சர்.

"வீட்டில் உட்கார்ந்தே சம்பளம்" என்று யாரோ உங்களைப் போன்றவர்களைப் பற்றிச் சொன்னபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும். இதே பாட்டைப் பட்ட எல்லா ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

மகள் இப்போது தம்பியைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி ழகரம் சொல்லிக்கொடுக்கிறாள். "தொடக்கூடாது, தொடக்கூடாது" என்கிறாள், அப்படியே உங்கள் குரல்.