வீட்டு வேலையும் பாடமும்: வரிசை பற்றி

அனைவருக்கும் வணக்கம். நான்கைந்து பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள் மணிவாரியாக அட்டவணை போட வேண்டாம். கைக்குழந்தை ஒருமுறை அழுதால் போதும், எல்லாம் குலைந்துவிடும். வரிசையை மட்டும் பழக்குங்கள்: சாப்பாடு, பாத்திரம், அப்புறம் பாடம். கணக்கு மாதிரி கூடவே உட்கார வேண்டிய பாடத்தைக் குழந்தை தூங்கும் நேரத்துக்கு வையுங்கள்.

ஒரு வேலையைச் சில வாரங்களாவது ஒரே பிள்ளையிடம் விடுங்கள். தினமும் மாற்றினால் "இன்னைக்கு யார் முறை?" என்ற சண்டைதான் மிஞ்சும். சின்னவர்கள் துணியைக் கோணலாகத்தான் மடிப்பார்கள். அவர்கள் கண்ணெதிரே அதைப் பிரித்து மடிக்காதீர்கள். மறுநாள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

முக்கியமாக, எல்லாம் மூத்த பெண் தலையில் விழுகிறதா என்று பாருங்கள். அவளுக்கும் படிக்க நேரம் வேண்டும்.

உங்கள் வீட்டு வரிசையை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுங்கள். குரல் பதிவானாலும் சரி.