குதிரை வண்டிக் கேள்வியின் விடைக்குறிப்பைத் திருத்துங்கள்

அறிவியல் வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வில் வந்த கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். குதிரை வண்டியை இழுக்கும் அதே விசையோடு வண்டியும் குதிரையைப் பின்னால் இழுக்கிறது என்றால், வண்டி எப்படி நகர்கிறது? அருமையான கேள்வி. ஆனால் விடைக்குறிப்பு "குதிரையின் விசை அதிகம்" என்கிறது. அது தவறு. தயவுசெய்து திருத்துங்கள்.

என்னிடம் டியூஷன் படிக்கும் மாணவி, இரண்டு விசைகளும் வெவ்வேறு பொருள்கள் மேல் செயல்படுவதால் ஒன்றையொன்று ஈடுகட்டாது என்று எழுதினாள். மதிப்பெண் கிடைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. "முழு ஆண்டுத் தேர்வுல கீயில இருக்கிறதையே எழுதிடுறேன் சார்" என்கிறாள். அந்தத் தவறான வரியை உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறாள். புரிந்துகொண்ட பிள்ளைக்கு இப்படி ஒரு நிலைமை வரலாமா?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 300 கிலோ வண்டியைக் குதிரை 400 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. தடை 100 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் மேல் மிஞ்சுவது 300. ஆக, அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1 மீட்டர் கூடுகிறது; இதுதான் அதன் முடுக்கம். வண்டியும் குதிரையை அதே 400 நியூட்டனோடுதான் பின்னால் இழுக்கிறது. ஆனால் குதிரை குளம்பால் தரையைப் பின்னே தள்ள, உராய்வின் வழியாகத் தரை குதிரையை முன்னே தள்ளுகிறது. அது 800 நியூட்டனாக இருந்தால், 400 கிலோ குதிரைக்கும் அதே முடுக்கம்தான். குதிரையும் வண்டியும் ஒன்றையொன்று இழுக்கும் விசை கடைசிவரை சமமாகவே இருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையிலான எதிர்விசை உண்டு என்ற இந்த மூன்றாம் விதியை 1687-இல் வெளியிட்ட நியூட்டனே, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையைத்தான் உதாரணமாகச் சொன்னார்.

இந்த ஒரு கேள்வியோடு போகவில்லை. மேசைமேல் உள்ள புத்தகத்தின் எடையையும் மேசை அதைத் தாங்கும் விசையையும் விசை, எதிர்விசை என்று எழுத வைக்கிறார்கள். இரண்டுமே புத்தகத்தின் மேல் செயல்படுபவை! பூமி புத்தகத்தை இழுப்பதற்கு எதிர்விசை, புத்தகம் பூமியை இழுப்பது. "சமம், எதிர்" என்ற இரண்டு சொற்களை ஒப்பித்தால் போதும் என்று ஆக்கிவிட்டோம். இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கி மாட்டி இழுத்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். அதைக்கூடப் பார்க்காமல் எத்தனையோ பிள்ளைகள் பள்ளியை முடிக்கிறார்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் விடைக்குறிப்பைத் திருத்தி, எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். எந்த விசை எதன் மேல் செயல்படுகிறது என்று எழுதிய பிள்ளைகளுக்கு உரிய மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்