மல்லாவித் தங்கச்சிக்கு: டொச் படிக்கிற கணக்கு

டோர்ட்முண்ட்,
ஜேர்மனி.

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் இங்கே சுகம். அம்மா, அப்பாவின் சுகத்துக்கும் எழுது. காலபோக விதைப்புக்கு மழை காணும் என்று அப்பா போனில் சொன்னார், சந்தோசம்.

"ஆறு மாதத்தில் டொச் பிடிபடுமா அக்கா?" என்று ஜேர்மன் மொழி படிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்படிக் கேட்டால் ஒருவராலும் பதில் சொல்லேலாது. சிறுபோகக் கூட்டத்தில் "குளத்தில் தண்ணி நல்லா நிக்குது" என்றால் யாராவது ஏற்பினமா? எத்தனை அடி என்று பார்த்துத்தானே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பினம். உன்ரை படிப்புக்கும் அடிக்கணக்கு வேணும்.

முதல் இலக்கு ஏ1 சோதனை, டொச்சில் அதுதான் ஆரம்பப் படி. கணவனிடமோ மனைவியிடமோ வருகிறவர்களிடம் 2007 இலிருந்து விசாவுக்கு அதைத்தான் கேட்கினம். கொழும்பில் டொச் படிப்பிக்கிற கோத்தே நிலையத்தில் எழுதலாம். கேட்டல் 20 நிமிடம், வாசிப்பு 25, எழுத்து 20, பேச்சு 15. ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி, மொத்தம் 100இல் 60 எடுத்தால் சித்தி. ஆகவே கொப்பியில் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதாதே, நாலு நிரல் போடு. அதிகம் பேருக்கு வாசிப்பு ஏறிக்கொண்டே போகும், கேட்டல் நின்ற இடத்திலேயே நிற்கும். மொத்தத்தைப் பார்த்தால் அது தெரியாது.

கேட்டலில் இரண்டாம் பகுதி அறிவிப்புகள். அவை ஒரு தடவைதான் ஒலிக்கும், மற்ற இரண்டு பகுதியும் இரண்டு தடவை. வீட்டில் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு 15 கேள்விக்கு 13 சரி என்று எழுதினால் அந்தக் கணக்குப் பொய். செய்த மாதிரி வினாத்தாளையே அடுத்த கிழமை செய்தாலும் அப்படித்தான், விடை ஞாபகத்தில் இருந்து வரும். மாதிரித்தாள் கையில் கொஞ்சம்தான் கிடைக்கும், மாதத்துக்கு ஒன்றாகச் செலவழி. இங்கே ரயில் மேடை மாறியதை அறிவிக்கும்போதும் நீ பையைத் திறக்கும்வரை காத்திருக்க மாட்டினம்.

சொற்கள். ஏ1 பட்டியலில் ஏறத்தாழ 650. ஒரு நாளைக்கு 8, கிழமைக்கு ஆறு நாள் என்றால் 14 கிழமையில் முடியும். ஆனால் "படித்தேன்" என்பதை எண்ணாதே. ஞாயிறு பின்னேரம் போன கிழமைச் சொற்களில் பத்தைத் தமிழில் எழுதி, டொச்சில் சொல்லிப் பார். எட்டுக்கு மேல் வந்தால் புதிதாகப் படி. ஆறுக்குக் கீழே போனால் அந்தக் கிழமை புதுச்சொல் வேண்டாம், பழசையே உழு. பெயர்ச்சொல்லை, அதன் பால் காட்ட முன்னால் வரும் டெர், டீ, டாஸ் இல்லாமல் எழுதவே எழுதாதே. பிறகு ஒட்டவைப்பது படிப்பதைவிடக் கஷ்டம். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தையும் விடு. "p"க்கும் "b"க்கும், ஓ, ஊ போன்றவற்றுக்கும் அதன் மேல் இரண்டு புள்ளி வைத்தவற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தொலைந்துபோகும்.

பேச்சை எழுதிக் கணக்கெடுக்க முடியாது. மாதக் கடைசி ஞாயிறு போனில் ஒரு நிமிடம் பதிவுசெய்: பெயர், வயது, நாடு, இருக்கிற இடம், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. சோதனையிலும் இதே ஒழுங்குதான். பிறகு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல், ஒரு போன் நம்பரும் சொல். பதிவுகளை அழிக்காதே. அடுத்த மாதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டு மூன்றை மட்டும் குறி: எங்கே நின்றுபோனாய், எத்தனை தரம் தாளைப் பார்த்தாய், எந்த இலக்கம் பிழைத்தது.

இலக்கம் கட்டாயம் பிழைக்கும். 21 ஐ "ஒன்றும் இருபதும்" என்று சொல்வினம், ஆட்கள் 12 என்றோ 120 என்றோ எழுதிவிடுவினம். நேரமும் அப்படித்தான்: "ஹால்ப் ட்சேன்", சொல்லுக்குச் சொல் "அரை பத்து", என்றால் எங்கள் பத்தரை இல்லை, ஒன்பதரை. வைத்தியருக்கு நேரம் எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் பிந்திப் போகிறவர்கள் இதனால்தான். எழுத்திலும் கவனம்: ஆங்கிலம் படித்த பிள்ளைகள் "இ"யையும் "ஏ"யையும் மாற்றிச் சொல்வினம், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஈ என்று வாசிக்கும் எழுத்து இங்கே ஏ.

வசதியான ஒன்றும் இருக்கு. "நான் நாளைக்கு வைத்தியரிடம் போக விரும்புகிறேன்" போன்ற வசனத்தில் "போக" என்ற வினை டொச்சில் கடைசியில் வரும். ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு அது முறுக்கு, எங்களுக்கு இயல்பு.

வந்த பிறகு அடுத்த இலக்கு பீ1, ஏ1ஐ விட இரண்டு படி மேலே. அதற்கு 600 பாட நேர மொழிவகுப்பு இருக்கு, அதோடு 100 பாட நேரம் நாட்டைப் பற்றியது. ஆனால் வகுப்பை மட்டும் நம்பாதே. இங்கே தமிழ்க் கடை இருக்கு, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் பக்கத்தில், சொந்தக்காரர் சுற்றிவர. நாள் முழுக்கத் தமிழிலேயே போய்விடும், வருடங்களும் போய்விடும். அதனால் இலக்கை வேலையாக எழுது: "வைத்தியரிடம் போனில் நானே நேரம் எடுப்பது", "அலுவலகக் கடிதத்தில் கடைசித் திகதியைக் கண்டுபிடிப்பது", "பிள்ளையின் ரீச்சரோடு ஐந்து நிமிடம் கதைப்பது". வேறொருவர் துணையில்லாமல் செய்து முடித்த அன்றுதான் திகதி போட்டு வெட்டவேணும்.

முதல் பதிவை இந்த ஞாயிறே செய்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. நல்லா வரட்டும் என்று திருப்பித் திருப்பிப் பதியாதே, முதல் தரம் வந்ததையே அனுப்பு.

அன்புடன்,
அக்கா