ஒரு பிட்சருக்கு நாலு பசங்க

வூஸ்டர், மாசசூசெட்ஸ்
2025 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லாருக்கீங்களா, மதினி பிள்ளைங்க எல்லாரும் சுகமா. அம்மா முட்டி வலிக்கு அந்த எண்ணெய் தேய்க்குதா இல்ல அப்படியே அலமாரில வச்சிருக்கா, கேட்டுச் சொல்லுங்க. இங்க எனக்கு ஒரு குறையும் இல்லண்ணே, குளிரு மட்டும் தான், காலைல கார் கண்ணாடி மேல உள்ள ஐஸை சுரண்டி எடுத்துட்டு தான் வேலைக்கே கிளம்ப முடியும், சாயங்காலம் அஞ்சு ஆகறதுக்குள்ள இருட்டிருது. போன்ல கேட்டீங்கல்ல, இந்தக் குளிர்ல அங்க உள்ளவங்க என்னதாண்டா பண்ணுவாங்கன்னு. பேஸ்பால் பேசுறாங்கண்ணே. ஆட்டம் அக்டோபரோட முடிஞ்சுருச்சு, அடுத்தது மார்ச் கடைசில தான், ஆனா நடுவுல இருக்குற இந்த மாசங்கள்ல தான் பேச்சே சூடு பிடிக்குது, யாரை வாங்குனாங்க, யாரைக் கொடுத்தாங்க, இந்த வருஷமாவது தேறுவமான்னு, எங்க லேப் கேன்டீன்ல டெய்லி இதே தான்.

இங்க ஊர் டீம் பாஸ்டன் ரெட் சாக்ஸ். வூஸ்டர்ல ட்ரெய்ன் ஏறுனா லான்ஸ்டவுன் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே ஃபென்வே பார்க்குக்குள்ள போயிரலாம், 1912ல கட்டுனது, இன்னும் அதே இடத்துல அதே கிரவுண்டு. ஆனா எங்க ஊருக்குன்னே ஒரு டீம் இருக்குண்ணே, வூசாக்ஸ்னு, ரெட் சாக்ஸுக்கு அடுத்த படி, மேல போகப் போற பசங்க கடைசியா பாடம் படிக்கிற இடம். போலார் பார்க்னு 2021ல திறந்த கிரவுண்டு, டிக்கெட் விலையும் கம்மி. போன வருஷம் ஆகஸ்ட்ல கைல் டீல்னு ஒரு கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) பையனும் ரோமன் ஆந்தனின்னு ஒரு பையனும் சேர்ந்தே இங்க வந்தாங்க, ஊரே திரும்பிப் பாத்துச்சு. ஷிப்ட் முடிச்சுட்டு நானும் போயிருந்தேன், கேட்சருக்குப் பின்னாடி வலைக்கு இந்தப் பக்கம் சீட்டு, பந்து க்ளவ்ல விழற சத்தம் அப்படியே பொளேர்னு காதுல அறையும், முட்டி போட்டு உக்காந்த இடத்துலருந்து டீல் ரெண்டாவது பேஸுக்கு (ரன் ஓடுறவன் வரிசையா தொட வேண்டிய இடம் தான் பேஸ்) எறிஞ்ச பந்து தரையோட தரையா தாழ்வா போச்சு பாருங்க, பக்கத்துல இருந்த சின்னப் பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு அவன் பேரைச் சொல்லி கத்துதுங்க. இவன் தாண்டா அடுத்த பத்து வருஷத்துக்கு நம்ம கேட்சர்னு இங்க எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க.

டிசம்பர் 11ந் தேதி அவனைக் கொடுத்துட்டாங்க.

சிகாகோ ஒயிட் சாக்ஸ்ல கேரட் க்ரோஷேன்னு ஒரு இடது கை பிட்சர், நம்ம பவுலர் மாதிரி, 25 வயசு, ஆறரை அடி உயரம். போன வருஷம் அந்த டீம் 121 மேட்ச் தோத்துச்சுண்ணே, இந்தக் காலத்து பேஸ்பால்ல ஒரு சீசன்ல யாரும் அவ்வளவு தோத்தது கிடையாது, அப்படிப்பட்ட டீம்ல இருந்துக்கிட்டு இவன் 146 இன்னிங்ஸ்ல (இங்க ஒரு இன்னிங்ஸ்னா மூணு அவுட் தான்) 209 பேரை ஸ்ட்ரைக் அவுட், அதாவது அடிக்க விடாமலே அவுட், பண்ணிருக்கான். அவன் ஒருத்தனுக்காக நாலு பசங்க. மறுநாள் கேன்டீன்ல எங்க சீனியர் ஒருத்தர், ரிட்டயர்மென்ட்ட நெருங்குற வயசு, பிறந்ததுலருந்து ரெட் சாக்ஸ் தான், எனக்குப் புரியணும்னு டேபிள் மேல சர்க்கரை பாக்கெட்டை ஒவ்வொண்ணா எடுத்து வச்சாரு, இது டீல், இது ப்ரேடன் மான்ட்கோமரி, போன ஜூலைல தான் டிராஃப்ட்ல, அதான் புதுப் பசங்களை டீம்கள் வரிசையா எடுக்குற இடத்துல, முதல் ரவுண்டுல எடுத்தாங்க, கணுக்கால் உடைஞ்சு கிடந்ததால நமக்காக ஒரு ஆட்டம் கூட ஆடல, இது சேஸ் மைட்ராத், இது விக்கல்மன் கான்சலஸ், அப்படின்னு நாலையும் அந்தப் பக்கம் தள்ளிட்டு தன்னோட காபி கப்பை இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டாரு. சரியா தப்பான்னு கேட்டேன். சரி தான், ஆனா எனக்கு வயிறு கலங்குதுன்னாரு.

ஏன் கலங்குதுன்னு அன்னைக்கு முழுக்க சொன்னாரு. 2016 டிசம்பர்லயும் இதே தான் நடந்துச்சு, அதே சிகாகோ டீம், அதே மாதிரி இடது கை பிட்சர், க்ரிஸ் சேல், அப்பவும் நாலு பசங்களைத் தான் கொடுத்தாங்க. அது நல்லாவே பலிச்சுச்சு, 2018 வேர்ல்ட் சீரிஸ்ல, அதான் கப்புக்கு நடக்குற ஃபைனல், கடைசி அவுட்டை எடுத்தது சேல் தான். அப்புறம் அவருக்கு அடி மேல அடி, முழங்கை ஆபரேஷன், விலா எலும்பு, மணிக்கட்டு, மேட்ச் ஆடுனதை விட வைத்தியம் பாத்தது தான் அதிகம், கடைசில 2023 டிசம்பர்ல அட்லாண்டாவுக்குக் கொடுத்துட்டாங்க, பதிலுக்கு வான் க்ரிஸம்னு ஒரு பையன். அட்லாண்டா போன மனுசன் அடுத்த வருஷமே 18 ஜெயிச்சு 225 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, லீக்லயே பெஸ்ட் பிட்சருக்குக் கொடுக்குற சை யங் அவார்டு வாங்கிட்டாரு, இங்க வந்த பையன் காயத்தோடயே வருஷத்தை ஓட்டிட்டான். இதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கை நீங்க பாக்கணும்ண்ணே.

ஆனா இங்க ஆறாத புண்ணுன்னா அது மூக்கி பெட்ஸ் தான். 2011ல டிராஃப்ட்ல எடுத்து இவங்களே வளர்த்த ஆளு, 2018ல லீக்லயே பெஸ்ட் ப்ளேயர், சம்பளம் ஜாஸ்தி கேப்பாரு, ஒரு வருஷத்துல காண்ட்ராக்ட் முடியுதுன்னு 2020 பிப்ரவரில லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு கொடுத்தாங்க. டாட்ஜர்ஸ் அந்த ஜூலைலயே 12 வருஷத்துக்கு 365 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்து பிடிச்சு வச்சுக்கிட்டாங்க, அந்த வருஷமே கப்பு, 2024லயும் கப்பு. பதிலுக்கு பாஸ்டனுக்கு வந்த மூணு பேர்ல இன்னைக்கு டீம்ல இருக்கறது கானர் வாங் மட்டும் தான். இன்னொருத்தர் அலெக்ஸ் வெர்டூகோ, அவரை இவங்களே நியூயார்க் யாங்கீஸுக்கு கொடுத்துட்டாங்க, போன அக்டோபர் வேர்ல்ட் சீரிஸ்ல யாங்கீஸோட கடைசி அவுட்டே அவரு தான், டாட்ஜர்ஸ் பிட்சர் வாக்கர் ப்யூலர் ஸ்ட்ரைக் அவுட் பண்ணுனாரு. அந்த ப்யூலரைத் தான் இப்ப டிசம்பர்ல ரெட் சாக்ஸ் ஒரு வருஷத்துக்கு 21 மில்லியனுக்கு மேல கொடுத்து கூட்டிட்டு வந்திருக்காங்க. எங்க லேப்ல நியூஜெர்சிக்கார அம்மா ஒருத்தங்க யாங்கீஸ் ஃபேன், ப்யூலர் பேரை எடுத்தாலே தட்டைத் தூக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிருவாங்க. அவங்களுக்கும் இது நல்ல நேரம் இல்லண்ணே, 5-0 முன்னாடி இருந்த ஃபைனல் மேட்சை 7-6ல விட்டாங்க, அப்புறம் ஹுவான் சோட்டோ அவங்களை விட்டுட்டு அதே ஊர் மெட்ஸுக்கு போயிட்டாரு, 15 வருஷம் 765 மில்லியன், நம்ம கணக்குல சுமார் 6,500 கோடி. ரிஷப் பன்ட் ஏலத்துல 27 கோடிக்குப் போனதுக்கு நம்ம தெருவே வாயைப் பிளந்துச்சுன்னு சொன்னீங்கல்ல.

இப்ப நான் நினைக்கிறதை சொல்றேன். க்ரோஷேயை வாங்குனது சரி தான். டீல் போனது எனக்கும் மனசு கேக்கல, நம்ம கண்ணு முன்னாடி ஆடுன பையன், ஆனா 2020, 2022, 2023ன்னு மூணு தடவை டிவிஷன்ல, அதான் அஞ்சு டீம் உள்ள நம்ம குரூப்ல, கடைசி, போன வருஷம் 81 ஜெயிச்சு 81 தோல்வி, முதல் ஆளா நின்னு போடறதுக்கு ஒரு பிட்சர் இல்லாம எத்தனை வருஷம் பசங்களை மட்டும் வளர்த்துக்கிட்டே இருக்க முடியும். எனக்கு இருக்குற கவலை வேற. க்ரோஷே இவங்க கைல இருக்கறது 2026 வரைக்கும் தான், அதுக்கப்புறம் அவன் எந்த டீமுக்கு வேணும்னாலும் போகலாம். ரெண்டு வருஷத்துக்காக நாலு பசங்களைக் கொடுத்துட்டு, அப்புறம் பெட்ஸை விட்ட மாதிரி இவனையும் சம்பளக் கணக்கு பாத்து விட்டா அதை மாதிரி அநியாயம் வேற இல்ல. 1997 நவம்பர்ல பெட்ரோ மார்ட்டினஸை மான்ட்ரியால்ல இருந்து வாங்குனாங்க பாருங்க, ரெண்டு இளம் பிட்சரைக் கொடுத்து, அவருக்கும் அப்ப ஒரு வருஷம் தான் பாக்கி, ஆனா அடுத்த மாசமே ஆறு வருஷத்துக்கு 75 மில்லியன்னு உக்கார வச்சு கையெழுத்து வாங்கிட்டாங்க. அவரு இங்க ரெண்டு சை யங் வாங்குனாரு, 2004ல 86 வருஷம் கழிச்சு கப்பும் வந்துச்சு. அதே மாதிரி க்ரோஷேயையும் இப்பவே, முதல் பந்து போடறதுக்கு முன்னாடியே பேசி முடிக்கணும். ட்ரேட் எல்லாம் பாக்கறது க்ரெய்க் ப்ரெஸ்லோ, அவரே இந்த டீம்ல 2013 கப்பு ஜெயிச்சப்ப பிட்சரா இருந்தவரு, யேல்ல பயோகெமிஸ்ட்ரி படிச்சவரு, எங்க லேப்ல அதனாலயே அவருக்கு தனி மரியாதை. கணக்கு அவருக்கு நல்லா தெரியும், செக்கு எழுதற ஓனருங்க மனசு வைக்கணும்.

இன்னொரு சண்டையும் ஓடிக்கிட்டு இருக்குண்ணே. எங்க கம்பெனி வாசல்ல செக்யூரிட்டியா ஒரு டொமினிக்கன் அண்ணன் இருக்காரு, பெட்ரோவோட 45ம் நம்பர் போட்ட தொப்பி தான் குளிருக்கும் வெயிலுக்கும், ராத்திரி ட்யூட்டில அவங்க ஊர் லீக்கை போன்ல ஓட விட்டுட்டு உக்காந்திருப்பாரு. அவருக்கு உசிரு ரஃபேல் டெவர்ஸ், நம்ம டீம்ல மூணாவது பேஸ்ல நிக்கிறவரு. இப்ப ஹூஸ்டன்ல இருந்த அலெக்ஸ் ப்ரெக்மன் காண்ட்ராக்ட் முடிஞ்சு சும்மா இருக்காரு, அவரைக் கொண்டு வந்து மூணாவது பேஸ்ல நிறுத்தலாம்னு ஒரு பேச்சு, அப்படின்னா டெவர்ஸ் நகரணும். 2023ல பத்து வருஷத்துக்கு 313 மில்லியன் கொடுத்து என் பையனை வச்சுக்கிட்டாங்க, இப்ப இடத்தை காலி பண்ணுன்னா என்ன நியாயம்னு அவரு கேக்குறாரு. எங்க சீனியரோ ப்ரெக்மன் வேணும்ங்கறாரு, ஏன்னா டீம்ல முக்கால்வாசி இடது கை பேட்டிங், 31 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்ச வலது கை டைலர் ஓநீலும் பால்டிமோருக்கு போயிட்டாரு, ஃபென்வேல இடது பக்கம் அந்தப் பச்சைச் சுவர் 11 மீட்டர் உயரம்னாலும் ரொம்பக் கிட்ட இருக்கு, வலது கைக்காரன் தூக்கி அடிச்சா சுவர்ல பட்டே ரெண்டு பேஸ் ஓடிரலாம். நம்ம டீம் பேட்ஸ்மேன் கசாஸைக் கொடுத்துட்டு சியாட்டில்ல இருந்து பிட்சர் வாங்கப் போறாங்கன்னும் வதந்தி அடிபடுது, அது எனக்கு வேண்டவே வேண்டாம், அவ்வளவு பவர் உள்ள சின்னப் பையனை விட்டா திரும்பக் கிடைக்க மாட்டான். டெவர்ஸ் விஷயத்துல நான் செக்யூரிட்டி அண்ணன் பக்கம் தான், மனுசனைக் கூப்பிட்டு உக்கார வச்சு முகத்துக்கு நேரா பேசிட்டு அப்புறம் மாத்தட்டும், அவரே ஒத்துக்குவாரு.

இந்த வருஷம் தேறுமான்னு கேட்டீங்கன்னா தேறும்ண்ணே, நான் நம்புறேன். க்ரோஷே, ஹவுக், பெய்யோ, ப்யூலர்னு பிட்சிங் வரிசை வந்துருச்சு, அவுட்ஃபீல்டுல ஜாரன் டுரான் போன வருஷம் ஆல் ஸ்டார் மேட்ச்ல மேன் ஆஃப் த மேட்ச், ஆந்தனியும் க்ரிஸ்டியன் கேம்பலும் மார்செலோ மேயரும் இங்க எங்க ஊர் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அவங்க மூணு பேரையும் யாருக்கும் கொடுக்காம இருந்தா போதும். யாங்கீஸும் பால்டிமோரும் சும்மா விட மாட்டாங்க தான், இருந்தாலும் ப்ளேஆஃப் கண்டிப்பா உண்டு.

பிப்ரவரில ஃபென்வே வாசல்லருந்து சாமான் ஏத்துன லாரி ஃப்ளோரிடாவுக்கு கிளம்பும், அதைப் பாக்கறதுக்குன்னே இந்தக் குளிர்ல ஜனங்க வந்து நிப்பாங்களாம், சீனியர் என்னையும் கூட்டிட்டு போறேன்னு சொல்லிருக்காரு, லீவ் போட்டுட்டேன். முதல் மேட்ச் மார்ச் 27 டெக்சாஸ்ல, நம்ம ஊருக்கு நடுராத்திரி தாண்டிரும், நீங்க முழிச்சிருந்தா க்ரோஷே போடறதை மட்டுமாவது பாருங்க, லிங்க் அனுப்புறேன். சின்னவனுக்கு ஒரு பேஸ்பால் க்ளவ் வாங்கி வச்சிருக்கேன், அவன் வலது கையால தானே எறிவான், மதினிகிட்ட கேட்டு உறுதியா சொல்லுங்க, க்ளவை எறியாத கைல தான் மாட்டணும், மாறிருந்தா பில் இருக்கு, மாத்திக்கலாம். அம்மாவை எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிட்டு ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, பணம் வெள்ளிக்கிழமை போட்டு விடுறேன்.

அன்புடன்,
உங்க தம்பி