சின்னவளின் "நடக்காது" பற்றி

அன்புள்ள மகளுக்கு,

பெரியவன் எதற்கும் "பார்த்துக்கலாம்" என்கிறான், சின்னவளோ "எனக்கு எப்படியும் நடக்காது" என்கிறாள், நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை பிறவிக் குணமா என்று கேட்டிருந்தாய். பிறவியும் உண்டு. நீ பயப்படுகிற அளவுக்கு இல்லை.

இதை இரட்டையரை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒருகரு இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுதும் ஒன்று. தனித்தனிக் கருவிலிருந்து வந்த இருகரு இரட்டையர் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். நம்பிக்கையை அளக்கும் கேள்வித்தாளின் மதிப்பெண்ணில் முதல் வகை ஜோடிகளுக்கு இடையே ஒப்புமை 0.34, இரண்டாம் வகைக்கு 0.17 என்று வைத்துக்கொள் (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் முழு ஒப்புமை). இந்த வித்தியாசம் பாதி மரபணுவால் வந்தது, அதனால் அதை இரட்டித்தால் 0.34. அதுதான் மரபின் பங்கு. உண்மையான ஆய்வுகளிலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வருகிறது. மீதியில் பெரும்பகுதி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக நேர்வது: அவளுடைய வகுப்பு, தோழிகள், யாரோடு ஒப்பிடப்படுகிறாள் என்பது. அளவீட்டுப் பிழையும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இந்த எண்ணை வைத்துச் சின்னவளைப் பங்கு போடாதே. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு அது. தனி ஒருத்திக்குப் பொருந்தாது. 2011-இல் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் ஏற்பியை உருவாக்கும் மரபணுவை "நம்பிக்கை மரபணு" என்று பேசினார்கள். ஒற்றை மரபணுவில் அடங்குகிற குணமே அல்ல இது. மிகச் சிறிய விளைவு கொண்ட ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து வருவது. அதனால் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதே.

மரபும் சூழலும் தனித்தனியாக நிற்பதும் இல்லை. அவள் தயங்குவதைப் பார்த்து நீ கூடுதலாக எச்சரிக்கிறாய். எச்சரிக்கை கேட்டு அவள் மேலும் தயங்குகிறாள். இந்தச் சுழலை உன் பக்கத்திலிருந்து அறுக்கலாம்.

தோல்வி வரும்போது அவள் சொல்லும் காரணத்தைக் கவனி. "என்னால்தான்", "எப்போதும்", "எல்லாவற்றிலும்" என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் அங்கேதான் கைவைக்க வேண்டும். "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதே, அவள் நம்பமாட்டாள். "எந்தக் கணக்கில், எந்தப் படியில் நின்றுபோனாய்?" என்று கேள். "எப்போதும்" என்பது ஒரு படியாகச் சுருங்கினால், அடுத்து என்ன செய்யலாம் என்று அவளாகவே யோசிக்க இடம் கிடைக்கும்.

இன்னொன்று, எழுதும் பயிற்சி. நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 20 நிமிடம்: தான் உழைத்து, எல்லாம் நல்லபடியாக அமைந்த ஒரு வருங்கால நாளை அவள் விரிவாக எழுத வேண்டும். பிறகு இரண்டு வாரம், தினம் 5 நிமிடம் அதைக் கண்மூடி மனத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். மதிப்பெண், வேலை என்று பட்டியலாக எழுதினால் பயன் குறைவு. காலையில் எழுந்து எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று காட்சியாக வர வேண்டும். நீ படிக்கக் கூடாது. படிப்பாய் என்று தெரிந்தால் உனக்காக எழுதுவாள்.

பதின்வயதுப் பிள்ளைக்கு வேண்டிய 8 முதல் 10 மணி நேர இரவுத் தூக்கத்தை விட்டுக்கொடுக்காதே. தூக்கம் குறைந்த பிள்ளைக்கு எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்து, பிடித்ததில்கூட நாட்டம் போய், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அதைக் குணம் என்று எண்ணி விட்டுவிடாதே. மருத்துவரிடம் கூட்டிப்போ. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே. அதுவரை தனியாக விடாதே.

அம்மா